ஓர் அரசரை வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? பத்மநாபபுரத்திலிருந்து ஒரு கணக்கு

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில். அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மண் இங்கே வந்தது, அரண்மனை அங்கேயே இருந்துகொண்டது. அந்த மாளிகையில் திருவிதாங்கூர் மன்னர் குடியிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. திருவிதாங்கூர் என்ற நாடும் இப்போது இல்லை. இருந்தாலும் முகம் தெரியும்படி மின்னும் அந்தக் கறுப்புத் தரையைத் துடைக்கவும், ஓடு மாற்றவும், மரத்தில் செல் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் ஆண்டுதோறும் ஓர் அரசாங்கம் பணம் ஒதுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை மன்னராட்சியின் செலவு என்று எழுதுவதா, ஒரு பழைய கட்டடத்தின் செலவு என்று எழுதுவதா? மன்னர்களைப் பற்றிய எல்லாப் பணச் சண்டைகளும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. பிரிட்டனில் ஆண்டுதோறும் அரண்மனைக் கணக்கு வெளியாகும்போது ஒரு பத்திரிகை “இவ்வளவுதானா?” என்று எழுதும், இன்னொன்று “இவ்வளவா?” என்று எழுதும். இரண்டும் பொய் சொல்லவில்லை. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் வித்தியாசம். அரசர் இருந்த காலம், அரசர் போன காலம், போன பிறகும் தீராத பாக்கிகள் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய மாவட்டம் கன்னியாகுமரி. அதனால் இந்தப் பாடத்தை இங்கிருந்து சொல்வது வசதி.

அறிவிக்கிற தொகை

முதலில் பிரிட்டனைப் பார்த்துவிடுவோம். உலகத்திலேயே அதிகம் அலசப்பட்ட அரண்மனைக் கணக்கு அதுதான்.

அங்கே மன்னரின் அலுவல் செலவுக்கு அரசாங்கம் ஒரு தொகை தருகிறது. அதன் பெயர் சாவரின் கிராண்ட். 2011இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. ஊழியர் சம்பளம், அரசுமுறைப் பயணம், விருந்து, அரண்மனைப் பராமரிப்பு ஆகியவை இந்தத் தொகையில் அடங்கும். சில ஆண்டுகள் இது 8.63 கோடி பவுண்டாக இருந்தது. 2025-26ஆம் ஆண்டுக்கு 13.21 கோடி பவுண்டாக உயர்ந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய மின்கம்பிகள், குழாய்கள், கொதிகலன்களை மாற்றும் பத்தாண்டு வேலைக்கு மட்டும் 36.9 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். அதுவும் இந்தத் தொகைக்குள்தான் வருகிறது.

இதை மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு 2 பவுண்டுகூட வராது. அரண்மனைக்கு வேண்டியவர்கள் வழக்கமாகச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்லும் எந்தக் கணக்கையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆறரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் தலையில் பிரித்துப் போட்டால் எந்த வீண்செலவும் சில்லறையாகிவிடும்.

சரி, இந்தத் தொகையில் எது சேரவில்லை? முதலாவது, பாதுகாப்பு. அரச குடும்பத்தைக் காக்கும் போலீசுக்கு ஆகும் செலவைப் பிரிட்டிஷ் அரசு வெளியிடுவதில்லை. அடுத்து, பெரிய சடங்குகள். எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்குக்கு அரசாங்கம் செலவிட்டது ஏறத்தாழ 16.2 கோடி பவுண்டு. 2023 மே மாதம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு 7.2 கோடி. இவை தனிக் கணக்கு. மன்னர் ஓர் ஊருக்கு வந்தால் சாலையை அடைத்து, தடுப்பு கட்டி, கூட்டத்தைச் சமாளிக்கும் செலவு அந்த ஊர் நிர்வாகத்தின் தலையில் விழுகிறது. அதுவும் அரண்மனைக் கணக்கில் வராது.

கையை விட்டுப் போகாமல், கைக்கே வராமல் போகிற பணமும் உண்டு. லங்காஸ்டர் டச்சி என்ற நிலத்தொகுதியின் லாபம் மன்னருக்கும், கார்ன்வால் டச்சியின் லாபம் பட்டத்து இளவரசருக்கும் போகிறது. 2023-24இல் முதலாவது 2.74 கோடி பவுண்டு, இரண்டாவது 2.36 கோடி. அந்த நிலங்கள் நாட்டுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டால் அந்த வருமானம் கஜானாவுக்கு வந்திருக்க வேண்டியது. ஒரு மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரியும் கிடையாது. இவற்றையெல்லாம் கூட்டித்தான், மன்னராட்சி வேண்டாம் என்று சொல்லும் ‘ரிப்பப்ளிக்’ என்ற இயக்கம் 2024இல் ஆண்டுச் செலவு 51 கோடி பவுண்டு என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அப்போது அரசு அறிவித்திருந்த தொகை 8.63 கோடி. ஆறு மடங்கு வித்தியாசம் எப்படி வந்தது என்று இப்போது புரியும்.

அந்த 51 கோடியையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. நாளைக்கே மன்னர் பதவி விலகினால் பக்கிங்ஹாம் அரண்மனையை இடித்துவிடுவார்களா? குழாய் மாற்றித்தான் ஆக வேண்டும். மன்னருக்குப் பதில் ஒரு குடியரசுத் தலைவர் வந்தால் அவருக்கும் போலீஸ் வேண்டும், விருந்து வேண்டும், விமானம் வேண்டும். மன்னர் இல்லாத பிரான்சில் குடியரசுத் தலைவர் மாளிகையின் ஆண்டுச் செலவு 10 கோடி யூரோவுக்கு மேல். நம் குடியரசுத் தலைவர் இருப்பது 340 அறைகள் கொண்ட மாளிகையில். ஆகவே உண்மையான செலவைத் தெரிந்துகொள்ள ஒவ்வோர் இனத்துக்கும் நேராக ஒரு கேள்வியை எழுதிவைக்க வேண்டும்: அரசர் இல்லாவிட்டால் இது நிற்குமா? நின்றால் அது மன்னராட்சியின் செலவு. நிற்காவிட்டால் அது வேறு எதனுடைய செலவோ.

நிலம் யாருடையது?

பிரிட்டனில் அரண்மனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. “மக்கள் மன்னருக்குப் பணம் தரவில்லை, மன்னர்தான் மக்களுக்குத் தருகிறார்” என்பார்கள். கேட்டதும் வேடிக்கையாக இருக்கும். பின்னால் இருக்கும் கதை இதுதான்.

1760இல் மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபோது, அரச நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார். பதிலுக்கு ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டு என்று ஒரு நிலையான தொகையைப் பெற்றுக்கொண்டார். நாஞ்சில் நாட்டில் மூத்தவர் ஒருவர் வயலைத் தம்பிமார் பொறுப்பில் விட்டுவிட்டு, வருஷத்துக்கு இத்தனை கோட்டை நெல் அளந்தால் போதும் என்று ஒதுங்குவது போன்ற ஏற்பாடு. தம்பி மகன் காலத்தில் கேள்வி வரும்: அளப்பது கருணையா, பாட்டமா, வெறும் பழக்கமா?

அந்த நிலங்களை இன்று கிரவுன் எஸ்டேட் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2023-24இல் அதன் லாபம் 110 கோடி பவுண்டு. முழு லாபமும் கஜானாவுக்குப் போகிறது. மன்னருக்கான தொகை அந்த லாபத்தில் ஒரு சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் 15, அரண்மனைப் பழுதுபார்ப்புக்காக 25, இப்போது 12. மேலோட்டமாகப் பார்த்தால் மன்னர் தன் நிலத்தின் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நாட்டுக்குத் தருவது போலத் தெரியும்.

எதிர்த்தரப்பு இதற்குச் சொல்லும் பதில் எனக்கு வலுவானதாகப் படுகிறது. அந்த நிலம் ஜார்ஜ் என்ற ஆளின் பரம்பரைச் சொத்து அல்ல, அரச பதவியின் சொத்து. அந்த வருமானத்தை வைத்துத்தான் அக்கால மன்னர் அரசாங்கத்தையே நடத்தினார். வருமானம் போனபோது அந்தச் சுமையும் மெல்ல மெல்ல நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. சுமையை இறக்கிவைத்தவர் வருமானத்தை மட்டும் “என்னுடையது” என்று எப்படிச் சொல்ல முடியும்?

சதவீதக் கணக்கில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தைச் சுற்றிக் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடற்படுகை கிரவுன் எஸ்டேட்டின் கையில் இருக்கிறது. அங்கே கடலுக்குள் காற்றாலை நடும் நிறுவனங்கள் இடத்துக்குக் கட்டணம் கட்டுகின்றன. லாபம் ஒரே ஆண்டில் இருமடங்குக்கு மேல் எகிறியதற்கு அதுதான் காரணம். அரண்மனையில் யாரும் கூடுதலாக ஒரு வேலையும் செய்யவில்லை. காற்று அடித்தது, தொகை ஏறியது. 25 சதவீதத்தை 12 ஆகக் குறைத்தும் தொகை 13 கோடியைத் தாண்டியது. சட்டத்தில் இன்னொரு பூட்டும் உண்டு: போன ஆண்டைவிடத் தொகை குறையக் கூடாது. 2024-25க்குச் சதவீதக் கணக்குப்படி 5.3 கோடி பவுண்டுதான் வந்தது. ஆனாலும் பழைய 8.63 கோடியே கொடுக்கப்பட்டது. ஏற மட்டும் தெரிந்த தொகை.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தப் புவியியல் புதிதல்ல. குமரிக் கடலில் காற்றாலை நட்டால் இடத்துக்கான பணம் எந்த அரச குடும்பத்தின் கணக்கையும் தொடாது. நம் அரசியல் சட்டத்தின் 297ஆவது பிரிவு கரையோரக் கடலடி நிலத்தையும் அதிலுள்ள வளத்தையும் ஒன்றிய அரசிடம் கொடுத்திருக்கிறது.

எல்லாம் ஒரே பண்டாரம்

பிரிட்டிஷ் மன்னர் ஆள்வதில்லை, அரியணையில் இருக்கிறார். அதனால் அவருடைய செலவைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடிகிறது. ஆள்கிற மன்னர் என்றால்? அங்கே அரண்மனைச் செலவு எது, அரசாங்கச் செலவு எது என்று கோடு கிழிப்பதே கடினம்.

திருவிதாங்கூரில் இது இன்னும் ஒரு படி மேலே. 1750இல் மார்த்தாண்ட வர்மா திருப்படிதானம் என்ற சடங்கில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். அதன்பின் மன்னர்கள் தங்களைப் பத்மநாபதாசர் என்று சொல்லிக்கொண்டு ஆண்டார்கள். நாடு சாமியுடையது, ஆள்பவர் அவருடைய ஊழியர். அப்படியானால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபம் என்ற வேத பாராயணம், மன்னர் எடைக்கு எடை பொன்னைத் தானம் செய்யும் துலாபுருஷதானம் ஆகியவற்றின் செலவு யாருடையது? மன்னருடையதா, நாட்டுடையதா, சாமியுடையதா? மூன்றும் ஒரே பண்டாரத்திலிருந்துதான் போயின.

பத்மநாபபுரம் அரண்மனையில் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கூடம், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வரை பந்தியில் உட்காரலாம். பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போட அரசு நடத்திய பல ஊட்டுப்புரைகளில் அது ஒன்று. பார்க்க வருகிறவர்கள் கூடத்தின் நீளத்தை வியந்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பந்திக்கு வாழை இலையும் காய்கறியும் விறகும் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர் குறைவு. ஊழியம் என்ற பெயரில், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் கூலி இல்லாமல் செய்து தீர வேண்டிய வேலைகள் இருந்தன. அரண்மனைக்கும் கோயிலுக்கும் சுமந்து கொடுப்பதும் அவற்றில் அடக்கம். கூலி கொடுக்காத வேலைக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவாக ஏறவில்லை. மன்னராட்சிக்கு ஆன செலவைக் கூட்டுகிறவர்கள் பொன்னையும் நெல்லையும் எண்ணுவார்கள், இந்த முதுகுகளை எண்ணுவதில்லை.

வரியும் அப்படித்தான். ஆளுக்குத் தலைவரி. பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். பனையேறி ஒருவர் வேலைக்குப் போக எடுக்கும் இரண்டு கருவிக்கும் தனித்தனி வரி என்றால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சாமித்தோப்பிலிருந்து அய்யா வைகுண்டர் பேசியது இந்தச் சுமைக்கு எதிராகவும்தான். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையிலும் இருந்தார்.

அரியணைக்குக் காவல் கூலியும் உண்டு. 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கம்பெனிப் படையின் பாதுகாப்புக்கான விலை அது. அதில் விழுந்த பாக்கி, ஒப்பந்தத்தின்போது தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பியையே பிறகு கம்பெனிக்கு எதிராகத் திருப்பிய காரணங்களில் ஒன்று. 1809இல் அவர் உயிரை விட்டார். கப்பம் தொடர்ந்தது.

மன்னருக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வரையறுப்பதே ஒரு பெரிய அரசியல் மாற்றம் என்பதற்காக இவ்வளவும் சொன்னேன். வரம்பு போட்ட பிறகுதான் “அதிகமா, குறைவா” என்று சண்டை போடவே முடியும்.

18 லட்சம்

திருவிதாங்கூருக்கு அந்த வரம்பு 1949இல் வந்தது. கொச்சியோடு இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி உருவானபோது மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் மன்னர் மானியம் என்று முடிவாயிற்று. இந்தியா முழுக்க இப்படி உடன்பாடுகள் போடப்பட்டன. மைசூருக்கு 26 லட்சம். குஜராத்தின் காத்தியவாரில் கட்டோடியா என்ற குட்டி ஆட்சிக்கு ஆண்டுக்கு 192 ரூபாய். மாதத்துக்கு 16 ரூபாய்! மிகச் சிலருக்கு மட்டும் 10 லட்சத்துக்கு மேல் தரப்பட்டது. அந்த அதிகப்படியும் அப்போதைய அரசரின் ஆயுள் வரைக்கும்தான்.

வல்லபாய் பட்டேலின் வாதம் எளிமையானது. ராஜ்யங்களை, படைகளை, கஜானாக்களை, ரயில் பாதைகளை ஒப்படைத்திருக்கிறார்கள். அதற்கு இது மலிவான விலை. வாக்குக் கொடுத்தோம், காப்பாற்றுவோம். மூன்றாம் ஜார்ஜ் கதையின் இந்தியப் பதிப்பு என்றே சொல்லலாம். அரசியல் சட்டத்தின் 291ஆவது பிரிவு இந்தத் தொகைக்கு உத்தரவாதம் தந்தது. நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பு இதற்குத் தேவையில்லை. வருமான வரியும் கிடையாது.

வரி இல்லை என்ற அந்த ஒரு வரியைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. மானியத்தின் கடைசி ஆண்டுகளில் இந்தியாவில் உயர்ந்தபட்ச வருமான வரி, கூடுதல் வரியும் சேர்த்து 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வியாபாரி ஒருவர் கையில் 18 லட்சம் மிஞ்ச வேண்டுமானால் அவர் கோடிக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும். பட்ஜெட்டில் எழுதியிருந்தது 18 லட்சம்; அதன் உண்மையான மதிப்பு அதைவிட எவ்வளவோ பெரியது.

இன்னொரு பக்கத்தில் அதே தொகை சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டும் இருந்தது. குமரி மாவட்டத்தில் பெரிய தொகை எதையும் பவுனில் சொன்னால்தான் மனதில் நிற்கும். 1950இல் 10 கிராம் தங்கம் சுமார் 100 ரூபாய். 18 லட்சத்துக்கு ஏறத்தாழ 22,500 பவுன் வாங்கலாம். 1971இல் 10 கிராம் 190 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே 18 லட்சத்துக்கு 12,000 பவுன்கூடத் தேறாது. யாரும் வெட்டவில்லை, விலைவாசி வெட்டியது. பிரிட்டனில் சதவீதம் வைத்ததால் காற்றோடு சேர்ந்து தொகையும் ஏறுகிறது. இங்கே ரூபாயில் நிறுத்தியதால் ஆண்டுக்கு ஆண்டு உருகியது. ஒரு மானியத்தை மதிப்பிட அதன் தொகையைவிட அது எந்தச் சூத்திரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

1970இல் இந்திரா காந்தி அரசு மானியத்தை ஒழிக்கப் புறப்பட்டபோது நாட்டில் எல்லா மன்னர்களுக்கும் சேர்த்து ஆண்டுச் செலவு 5 கோடிக்குக் கீழே. அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 55 கோடி. ஆளுக்குப் பத்துப் பைசாகூட இல்லை! மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவாக 149, எதிராக 75. அரசியல் சட்டத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக்கும் குறைவான இடைவெளியில் தோற்றது. உடனே குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1971 தேர்தலில் பெரிய வெற்றி பெற்றுத் திரும்பி வந்த அரசு, 26ஆவது திருத்தத்தின் மூலம் டிசம்பர் 28 முதல் மானியத்தை முடித்துவைத்தது.

பத்துப் பைசாவுக்காகவா இத்தனை பாடு? ஆளுக்குப் பத்துப் பைசாவை மிச்சம் பிடிக்க யாரும் அரசியல் சட்டத்தைத் திருத்த மாட்டார்கள். பிறப்பால் ஒருவருக்கு அரசு சம்பளம் தரலாமா என்பதே அங்கே கேட்கப்பட்டது. பிரிட்டனிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். செலவைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களிடம் செலவைப் பாதியாக்கிக் காட்டினாலும் யாரும் கட்சி மாறப்போவதில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. சென்னையில் ஆற்காடு இளவரசர் என்ற பட்டமும் அதற்கான அரசு ஓய்வூதியமும் 1971ஐத் தாண்டி இன்றும் நீடிக்கின்றன. அவர் குடும்பம் 1949இல் ராஜ்யத்தை ஒப்படைத்த மன்னர்களின் வரிசையில் வரவில்லை. பிரிட்டிஷ் அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொடுத்த தனிப் பட்டம் அது. 26ஆவது திருத்தம் அதைத் தொடவில்லை.

நிற்காத செலவுகள்

“அரசர் இல்லாவிட்டால் இது நிற்குமா?” என்ற அளவுகோலை இப்போது நம் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மன்னர் மானியம் நின்றுவிட்டது. அது சுத்தமாக மன்னராட்சியின் செலவு. அரண்மனைப் பராமரிப்பு நிற்கவில்லை. அரசர் இருந்தால்தான் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், பணம் வரும் என்று பிரிட்டனில் ஒரு வாதம் உண்டு. அப்படிச் சொல்பவர்களைப் பத்மநாபபுரத்துக்கு ஒருமுறை அழைத்து வரலாம். சபரிமலை சீசனில் டிக்கெட் கவுன்டரில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் போதும். உள்ளே இருநூறு ஆண்டாக ராஜா இல்லை.

நவராத்திரி ஊர்வலம் இன்னும் சிக்கலானது. ஆண்டுதோறும் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய விக்கிரகங்கள் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. அதற்கு முன் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். கேரளத்திலிருந்து அமைச்சர்கள் வருவார்கள். இரு மாநிலப் போலீசும் அணிவகுப்பு மரியாதை செலுத்தும். ஊர்வலம் குழித்துறையில் இரவு தங்கி, களியக்காவிளை எல்லையில் வரவேற்பு வாங்கிக்கொண்டு போகும். வாளை ஏந்திப் போக மன்னர் இல்லை. ஆனால் காவலர்களின் அன்றைய சம்பளம், வண்டி, பந்தல் என்று இரண்டு அரசுகள் செலவழிக்கின்றன. வழிநெடுக வீட்டு வாசலில் விளக்கேற்றித் தட்டத்தோடு நிற்கும் பெண்களைக் கேட்டால் இது அம்மனுக்கு, ராஜாவுக்கு அல்ல என்பார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அரச சடங்காகத் தொடங்கிய ஒன்று ஊர்த் திருவிழாவாக மாறிவிட்டால், அதை மன்னராட்சியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட எனக்குச் சுவையாகத் தோன்றும் ஓர் இனம். அரசியல் சட்டத்தில் 290ஏ என்று ஒரு பிரிவு. கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு, அதாவது கோயில்களுக்கான நிதிக்கு, தர வேண்டும் என்கிறது. அடுத்த வரி நமக்கானது: 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாறிய பகுதிகளில் உள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும். ஒரு நாட்டின் அரசியல் சட்டம் இத்தனை குறிப்பிட்ட கோயில்களுக்கு இத்தனை லட்சம் என்று எழுதிவைத்திருப்பது அபூர்வம்.

இதன் வேர் 1810களின் தொடக்கத்தில் இருக்கிறது. திருவிதாங்கூரில் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் பிரதிநிதியாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, நூற்றுக்கணக்கான கோயில்களின் நிலங்களை அரசின் கையில் எடுத்துக்கொண்டார். நில வருமானம் கஜானாவுக்குப் போயிற்று; பூஜைக்கும் திருவிழாவுக்கும் பணம் கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு வந்தது. நிலத்தை வாங்கிக்கொண்டு தொகை கொடுப்பது: மறுபடியும் 1760இன் கதை. மன்னராட்சி முடிந்தபோது அந்தக் கடமை உடன்பாட்டில் ஏறி, அங்கிருந்து அரசியல் சட்டத்தில் ஏறி, எல்லை மாறியபோது இரண்டாகப் பிரிந்து இரு மாநிலங்களுக்கும் வந்தது. ஆகவே இதை அரசு கோயிலுக்குத் தரும் சலுகை என்று பேசுகிறவர்களும், சாமியின் சொத்துக்கான வாடகை என்று பேசுகிறவர்களும் ஒரே ஆவணத்தின் இரண்டு பக்கங்களைப் படிக்கிறார்கள்.

இந்தத் தொகைக்கும் உருகுகிற வியாதி உண்டு. 1956இல் 10 கிராம் தங்கம் சுமார் 90 ரூபாய், 13.5 லட்சத்துக்கு 18,000 பவுனுக்கு மேல் கிடைத்திருக்கும். இன்றைய விலைக்கு முப்பது பவுன்கூட வராது. நானூற்றுக்கும் மேற்பட்ட கோயில்களுக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் முந்நூறு ரூபாய்க்கும் கீழே, எண்ணெய்க்குப் போதாது. மாநில அரசு விரும்பினால் தன் பட்ஜெட்டில் இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துத் தரலாம். ஆனால் அந்த 13.5 லட்சம் மட்டும் தனி ரகம். சட்டமன்றத்தில் அதைப் பற்றிப் பேசலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. அதில் ஒரு ரூபாயைக் குறைக்க வேண்டுமென்றால் டெல்லியில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்.